மூன்று அடி

தேவாலயக் கூடத்தின் முன்வரிசை பெஞ்சு முழுக்க எங்கள் குடும்பம்தான். நடுவில் அண்ணி சபினா. மடியில் அண்ணனின் தொப்பி.

போன கோடையில் ஹாலிவுட்காரர்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் மீனவ ஊரில் வந்து எடுத்த படம். இந்த ஞாயிறு மதியம்தான் எங்களுக்குக் காட்டுகிறார்கள். படத்தில் கூட்டமாக நின்றவர்கள் எல்லோரும் இங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் பெஸ்டி மட்டும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் அவன் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

அவன் இறந்துவிட்டான் என்று சொல்ல அண்ணி யாரையும் விடுவதில்லை. பூசை வைக்கலாம் என்று வந்த பாதிரியாரை வாசலோடு அனுப்பிவிட்டாள். தினமும் அவன் தட்டில் உருளைக்கிழங்கை வைத்து, ஆறிய பிறகு கோழிக்குப் போடுகிறாள். மூன்று பிள்ளைகளும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் அண்ணி வந்திருந்தாள்.

படம் ஓடியது. இதுதான் அயர்லாந்தாம். மழையே இல்லை. கதவெல்லாம் பச்சை. எங்கள் ஊரில் எவளும் உடுத்தாத சிவப்புப் பாவாடையில் பெண்கள் கழுதையை ஓட்டிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். முழுப் பொய். ஆனாலும் அந்தப் பொய் மேல் எங்களுக்கு அப்படியொரு ஆசை. கூடமெங்கும் விசில் பறந்தது.

பிறகு சவ ஊர்வலம் வந்தது.

அதை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓரமாக ஆடாமல் நிற்கச் சொன்னார் இயக்குநர். நான் கம்பம் மாதிரி நின்றேன். பக்கத்தில் நின்ற அண்ணனால் முடியவில்லை. எங்கள் ஊரில் சவம் எதிரே வந்தால், அது யாருடையதாக இருந்தாலும், திரும்பி அதனோடு மூன்று அடி நடந்தாக வேண்டும். அவன் நடந்தான். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நடந்தான்.

"பெட்டி காலிப்பா, உள்ள யாரும் இல்ல" என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியுதுங்க. இந்தக் காலுக்குத்தான் சொன்னாப் புரிய மாட்டேங்குது" என்றான் அண்ணன்.

ஊரே சிரித்தது. ஐந்தாவது தடவையோடு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

இப்போது திரையில் அந்தப் பெட்டி வந்தது. ஓரத்தில் கம்பமாக நான். பக்கத்தில் அவன். தொப்பியைக் கழற்றினான். திரும்பினான். முகம் முழுசாகத் தெரிந்தது.

கூடத்தில் விசில் நின்றுவிட்டது.

அண்ணி எழுந்தாள். அவள் நிழல் பெரிதாகத் திரையில் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ, தலை மறைக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பெட்டி போன பக்கமாக அவள் நடந்தாள். ஒரு அடி. இரண்டு. மூன்று. அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் பெஞ்சுகள் நகர்கிற சத்தம் கேட்டது.

அந்தப் பெட்டி காலி என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பாக்கியில்லாமல் அதனோடு மூன்று அடி நடந்தோம்.