தண்டவாளத்தில் ஒரு தேசிக்காய்

"உன்னட்டை ஒண்டு கேக்கோணும், பிள்ளை."

"கேளுங்கோ அப்பா."

"இப்ப வேண்டாம். பிறகு கேக்கிறன்."

நீராவி எஞ்சின் ஓட்டும் லைசன்ஸை மேனுஜா வாங்கிக்கொண்டு வந்த அன்று, டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில், வீட்டுக் குசினியில் நடந்த பேச்சு அது. வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் 'பிறகு' மட்டும் வரவில்லை.

"வேறென்ன, உந்தக் கரியையும் புகையையும் விட்டிட்டு ஒரு கலியாணத்தைக் கட்டச் சொல்லத்தான்" என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டார். மேனுஜாவுக்கும் அதில் சந்தேகம் இல்லை.

அப்பா ஆனந்தராஜா மகளிடம் இதுவரை எதையுமே கேட்டவரில்லை. கேட்டால் அவளால் மறுக்க முடியாது. அதுதான் பயமே.

இன்றைக்கு அந்தப் பயம் இன்னும் கூடியிருந்தது.

மின்சாரமும் டீசலும் இல்லாத ஒரு நாள் வந்தாலும் சாமான் போய்ச் சேரவேண்டும் என்று, பயிற்சித் திடலுக்குப் போகும் தன் பழைய பாதையில் இராணுவம் நீராவி ரயிலைத் திரும்பவும் ஓடவிட்டிருந்தது. வார நாட்களில் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கும் மேனுஜா, சனிக்கிழமைகளில் சிப்பாய்களுக்கு அதை ஓட்டப் பழக்கினாள். இனி அதையே முழுநேர வேலையாக எடுக்கச் சொல்லி இராணுவம் கேட்டிருந்தது. சிப்பாய்கள் இன்றைய சோதனையில் தேறிவிட்டால், மாலையில் அவள் பதில் சொல்லவேண்டும்.

வீட்டில் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

ரயில் நிற்கும் இராணுவ முற்றத்தின் வேலிக்கு வெளியே அப்பா வழக்கமான இடத்தில் நின்றார். தண்டவாளம் தெருவைக் கடக்கும் மூலையில், 'இங்கே விசில் அடி' என்று சொல்லும் பலகைக்குப் பக்கத்தில்.

அவளிடம் கார் இருந்தும், ஒவ்வொரு சனியும் தானே ஓட்டிவந்து இறக்கிவிட்டு அங்கேதான் நிற்பார். படலை திறந்தே கிடக்கும். உள்ளே வரமாட்டார். எந்த நாட்டு இராணுவமானாலும் சரி, அந்த உடுப்பைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுகிற மனிதர்.

எஞ்சின் விசில் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சத்தம்கூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று மேனுஜா நினைத்துக்கொள்வாள்.

இன்று முதன்முதலாகச் சிப்பாய்கள் தாங்களே ஓட்டப்போகிறார்கள். மேனுஜா கை வைக்கக் கூடாது. அதற்காக அம்மா ஒரு தேசிக்காய் தந்துவிட்டிருந்தார். புதுக் கார் என்றால் நாலு சில்லுக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சையாக, நசிந்து போக வைப்பார். எஞ்சினுக்கு எத்தனை சில்லென்று அம்மாவுக்குத் தெரியாது.

ஒருவரும் பார்க்காத நேரமாக, மேனுஜா அதை முன்சில்லோடு ஒட்டித் தண்டவாளத்தில் வைத்தாள்.

முதல் சாரதி நீக்கிலாஸ். பனை உயரம், முகமெல்லாம் கரி. புறப்படுமுன் எஞ்சினைச் சுற்றி நடந்தான். எண்ணெய் பார்த்தான். பிரேக் பார்த்தான். முன்சில்லடியில் குனிந்தான். தேசிக்காயை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

மேனுஜா கையிலிருந்த புள்ளித் தாளைப் பார்த்தாள். தண்டவாளத்தில் ஒரு சின்னக் கல்கூட இருக்கக் கூடாது என்று அவனுக்குப் படிப்பித்ததே அவள்தான். முழுப் புள்ளி போடவேண்டிய காரியம்.

"டேய் தம்பி, அதை எடுக்காதை."

குரல் வேலிக்கு அப்பாலிருந்து தமிழில் வந்தது.

குரலுக்குப் பின்னால் அப்பாவும் வந்தார். படலையைத் தாண்டி, சீருடையில் வரிசையாக நின்ற சிப்பாய்களின் நடுவால், தேர்த் திருவிழாவில் சனத்தை விலக்குகிறவர் மாதிரிக் கையை வீசிக்கொண்டு வந்தார். அவர்களும் விலகினார்கள். மேலதிகாரி யாரோ வருகிறார் என்று நீக்கிலாஸ் விறைத்து நின்று, தேசிக்காயை இரண்டு கையாலும் நீட்டினான்.

"பயணம் வெளிக்கிடேக்கை ஆரும் இதை எடுப்பாங்களே? இது உங்கடை ஜின் சாராயத்துக்குள்ளை பிழியிற சாமான் இல்லை, ராசா."

அப்பா குந்தியிருந்து, பழத்தை இருந்த இடத்திலேயே சில்லோடு அணைத்து வைத்தார்.

இது விதிமுறையில் இருக்கிறதா என்று நீக்கிலாஸ் டேனிஷில் மேனுஜாவைக் கேட்டான்.

இன்றிலிருந்து இருக்கிறது என்றாள் அவள். வரிசை முழுவதும் சிரித்தது.

அப்பா எழும்பினார். அப்போதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டார். சுற்றிவர அந்த உடுப்புகள். அருகில், சூடாக மூச்சு விட்டுக்கொண்டு எஞ்சின்.

அவர் திரும்பிப் போகவில்லை. கை தன்பாட்டில் போய் எஞ்சினின் கைபிடிக் கம்பியைத் தொட்டது.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கோணுமெண்டு சொன்னனான் எல்லே."

இத்தனை பேருக்கு முன்னாலா?

"வீட்டை போய்க் கதைப்பமே அப்பா."

"இல்லை. இப்ப விட்டால் இனிக் கேக்கமாட்டன்."

மொழி புரியாத சிப்பாய்கள் மரியாதையாகக் காத்து நின்றார்கள். கலியாணப் பேச்சுத்தான், இனி முழுநேர வேலையும் கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டு, அவள் மெல்லத் தலையாட்டினாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. சாரதியின் இருக்கைக்கு மேலே தொங்கிய சங்கிலியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பேரப்பிள்ளை காணும் வயதில், அந்த முகத்தில் ஒரு வெட்கம்.

"அந்த விசிலை ஒருக்கா நான் அடிக்கட்டே?"