கட்டம் கட்டமாக ஒரு செய்தி

"நீயே பாரும்மா, இதை மனுஷன் வாசிக்க முடியுமா?"

ஓட்வார் கைப்பேசியை நீட்டினார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு எழுத்துகூட இல்லை.

மாரித் வாங்கிப் பார்த்தாள். குறுஞ்செய்தி அனுப்பும் பெட்டியை இந்த மீன் ஆலைக்குக் கொடுத்த நிறுவனத்திலிருந்து, பழுது பார்க்கக் காலைப் படகில் வந்திருந்தாள். ஓட்வார் ஆலையின் மேற்பார்வையாளர்.

"என்ன செய்தி இது?"

"போன வாரம் வந்தது. நாளைக்கு வேலை இருக்கு, ஆறு மணிக்கு வந்துடுங்கன்னு. கீழே வர வேண்டிய நாற்பது பேரோட பேரும் இருக்கும்."

"எவ்வளவு நாளா இப்படி வருது?"

"யாருக்குத் தெரியும்? பெட்டி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம்தான் என் நம்பரையும் அதுல சேர்த்தேன். அப்பத்தான் பார்த்தேன்."

"அப்போ ஆளுங்க எப்படி வேலைக்கு வர்றாங்க?"

"அதான் எங்க போலந்து ஆளுங்க. ஒரு நாள், ஒருத்தர் தவறினது கிடையாது. காத்தைப் பார்த்தே படகு வருமா வராதான்னு கண்டுபிடிச்சுடுவாங்க போல." ஓட்வாரின் முகத்தில் பெருமை. அது சட்டென்று வாடியது. "ஆனா நாளைக்கு அதை நம்பி இருக்க முடியாது. காட் மீன் மூணு படகு ஒண்ணா வருது. நாற்பது பேரும் நின்னாத்தான் வெட்டி முடிக்க முடியும். மீன் கெட்டுச்சுன்னா என் வேலை போச்சு."

மாரித் மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு மணி நேரம் பழைய செய்திகளைப் புரட்டினாள். ஓட்வார் அவள் பக்கத்தில் காப்பி வைத்தார், வாஃபிள் வைத்தார், பெருமூச்சும் விட்டார்.

"விஷயம் இதுதான்," என்றாள் கடைசியில். "வேலை இல்லைன்னு அனுப்பினதெல்லாம் ஒழுங்காப் போயிருக்கு. வேலை உண்டுன்னு அனுப்பினது மட்டும்தான் கட்டமாகுது. ஏன்னா அதுல பேர்கள் இருக்கு. உங்க போலந்துக்காரங்க பேர்ல குறுக்கே கோடு போட்ட ஒரு எழுத்து வருது பாருங்க? அது ஒண்ணு வந்தாலும் முழுச் செய்தியையும் வேற குறியீட்டுல அனுப்பணும். உங்க பெட்டி அப்படித்தான் அனுப்புது. ஆனா போன்கிட்ட வழக்கமான குறியீடுன்னு சொல்லிடுது. போன் பாவம், என்ன செய்யும்?"

"ஒரு எழுத்துக்கா இவ்வளவு ரகளை?"

"ஒரு எழுத்துக்குத்தான்."

பெட்டியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினாள். மூன்று மணிக்கு மறுநாளுக்கான செய்தி கிளம்பியது. ஓட்வாரின் கைப்பேசி சிணுங்கியது. முதல் சொல்லிலிருந்து நாற்பதாவது பேர்வரை பளிச்சென்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை உரக்க வாசித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆலைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் விடுதியிலிருந்து கைதட்டல் கேட்டது. பிறகு பாட்டு.

"கேட்டியா?" என்றார் ஓட்வார். "ரெண்டு வருஷம் கழிச்சு வாசிக்கக் கிடைச்ச சந்தோஷம்."

மாரித் மாலைப் படகில் நிம்மதியாக ஊர் திரும்பினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று படகுகளும் வந்து நின்றன. ஆலைக்குள் ஓட்வார் மட்டும் நின்றார். ஆறே காலுக்கும் அவர் மட்டுமே நின்றார். ரப்பர் பூட்ஸோடு விடுதிக்கு ஓடிக் கதவை இடித்தார்.

மீன் வெட்டும் போலந்துக்காரி கிராஷினா கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். இரவு உடுப்பில் இருந்தாள். பின்னால் அத்தனை அறைகளிலும் குறட்டை.

"என்ன இது? செய்தி வரலையா?"

"வந்துச்சே. உங்க மொழி எங்களுக்குப் பேசத்தானே வரும், வாசிக்கவா வரும்?" என்றாள் அவள் கொட்டாவி விட்டபடி. "கட்டம் வந்தா வேலை, எழுத்து வந்தா லீவு. ரெண்டு வருஷமா அதுதானே கணக்கு? அதுவும் நேத்து ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு லீவு குடுத்திருந்தீங்க. உள்ள வாங்க, உங்களுக்குன்னு கேக் எடுத்து வச்சிருக்கோம்."