வீடியோ மாப்பிள்ளை

"அய்யோ, அதைய அணைங்க மொதல்ல! புகை ஆகாதுங்க!"

பெண் பார்க்க வந்த இடத்தில், பழத்தட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அப்போதுதான் ஓர் ஊதுபத்தி ஏற்றியிருந்தாள் ஜெகனின் அம்மா வேலுத்தாய். பெண்ணின் அப்பா சின்னையன் ஓடிவந்து அதைப் பிடுங்கி வாசலில் தேய்த்து அணைத்தார். திரும்பி வந்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்.

ஜெகனுக்குச் சுருக்கென்றது. இங்கேயும் பார்த்துத் தொலைத்துவிட்டார்கள், பாழாய்ப்போன அந்த வீடியோவை!

மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில் ஓர் இயற்கை மருத்துவ மையத்தில் அவனுக்கு வரவேற்பாளர் வேலை. ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் பத்தியமும் சொல்லிக்கொடுக்கும் அங்குள்ள டாக்டர், இன்ஹேலர் விஷயத்தில் மட்டும் அவசரப்பட மாட்டார். நெஞ்சு டாக்டரைக் கலந்துகொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

விளம்பரம் எடுத்த மேனேஜருக்கு அவ்வளவு பொறுமை ஏது? நிஜ நோயாளிகள் முகம் காட்ட மறுத்ததும் ஜெகனைப் பிடித்துக் கேமரா முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

"ஏழு வருசமா இன்ஹேலர் இல்லாம எனக்குத் தூக்கமே கெடையாது. இங்க வந்தேன், தூக்கிப் போட்டுட்டேன்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் அவன். ஜலதோஷத்துக்கு மேல் எதையும் பார்த்திராத நெஞ்சு அவனுடையது. வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. 'இழுப்புக்காரப் பையனா?' என்று இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயின.

பெருமாட்டி கிராமத்தில் தென்னந்தோப்பும் கிணறுமாக வசதியாக இருக்கிற குடும்பம், ஏலப்பாறை எஸ்டேட்டில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவனைத் தேடிப் பிடித்து ஜாதகம் கேட்டதே அதிசயம்தான். காபி கொண்டுவந்த மௌனிகாவைப் பார்த்ததும் ஜெகனுக்கு இனி வேறு பெண்ணே வேண்டாம் என்றாகிவிட்டது. இவளும் கைநழுவிப் போனால் தாங்காது.

"என்ன தாயி, பேருக்கேத்த மாதிரி வாயே தெறக்க மாட்டேங்க?" என்று வேலுத்தாய் சீண்டினாள். மௌனிகா சிரித்தாளே தவிரப் பேசவில்லை.

சின்னையன் நாற்காலியை ஜெகனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏனுங்க மாப்பிள்ளை, இப்ப மருந்து எதுவும் இல்லீங்களே? பனிக்காலத்துல கூட?"

"சுத்தமா இல்ல மாமா."

"மேடு ஏறுனா? ஓடியாந்தா?"

"ஒண்ணும் செய்யாது மாமா."

மனுஷர் கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டார். நம்பவில்லை என்று ஜெகன் முடிவு கட்டிவிட்டான். உண்மையைச் சொன்னால் மேனேஜர் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார், சொல்லாவிட்டால் பெண் கிடைக்கமாட்டாள். வேலை போனால் போகிறது, மூணாறில் ஓட்டலுக்கா பஞ்சம்!

"பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசலாமா மாமா?"

இருவரும் தோப்புப் பக்கம் நடந்தார்கள். பாதி வழியிலேயே மௌனிகா மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டு, ஜெகன் நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அந்த வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. அம்புட்டும் நடிப்புங்க. எனக்கு ஆஸ்துமா வந்ததே இல்ல. இன்ஹேலரக் கையால தொட்டதே அன்னிக்குத்தான். ஒரு சீக்கும் இல்லாத ஆளு நான், தைரியமாச் சம்மதம் சொல்லுங்க!"

சொல்லி முடித்ததும் அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. இனி என்ன, சிரிப்பாள் என்று ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தான். மௌனிகா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் படியில் ஊன்றிக்கொண்டு அவனையே வெறித்துப் பார்த்தாள். வார்த்தைகள் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தன.

"உங்கள நம்பித்தானுங்க... என்ற இன்ஹேலர... போன மாசம்... நிறுத்துனேன்."