பச்சை அடித்த இடம்

புதுப் பூங்கா வாசலில் கலெக்டர் கத்தரிக்கோலைக் கையில் வாங்கிய நேரத்தில் தெருமுனையில் பறை கேட்டது.

வரவேற்பு மேளம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சேர்மன் கந்தவேல்கூடச் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

பாடை வந்துகொண்டிருந்தது.

போர்வெல் போடும் ரிக் வண்டிப் பணம் வந்து ஊர் கண்டபடி வீங்கிவிட்டிருந்த வருடம் அது. காடுகரையெல்லாம் வீட்டு சைட்டானது. மூச்சு விட இடமில்லை என்று பேச்சு வந்ததும் சேர்மன் ஒரு பிளான் போட்டார். ரிங் ரோடு, நீரூற்று, சிறுவர் பூங்கா. மேப்பில் பச்சை அடித்த இடமெல்லாம் பூங்கா.

தெற்குத் தெருக்காரர்கள் காலங்காலமாகப் பிணம் புதைத்த இடமும் அந்தப் பச்சைக்குள் போயிற்று.

தெற்குத் தெருப் பச்சமுத்து, கூலி வேலையை விட்டுவிட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தான்.

“அப்ப நாங்க செத்தா எங்கீங்க சாமி போறது?”

“ஊரு வாழறதுக்குத்தாண்டா பிளானு. சாவறதுக்கா?” என்றார் சேர்மன்.

ஆபீசே சிரித்தது.

அதே பச்சமுத்துதான் இப்போது பாடையின் முன்கொம்பைத் தூக்கி வந்தான். பாடையில் அவன் அக்கா சின்னாயி. புதுச்சேலை போர்த்தி, வாய்க்கட்டுக் கட்டி, முகமெல்லாம் மஞ்சள். அவள் புருஷனைப் புதைத்த இடத்தில்தான் சறுக்குமரம் நின்றது.

சேர்மன் ஓடிவந்தார். கலெக்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயில் மரியாதை வந்தது.

“என்னங்க பச்சமுத்து, இன்னிக்குப் போயி இப்படிப் பண்ணலாமுங்களா?”

“புருசன் பக்கத்துல வெக்கச் சொல்லீட்டுப் போயிருச்சுங்க. அந்தச் சறுக்குமரத்தக் கொஞ்சம் நவுத்துங்க சாமி.”

சொன்னவன் நிற்கவில்லை. ரிப்பன் அவன் நெஞ்சில் பட்டு அறுந்தது.

ரிப்பன் அறுந்ததும் பூப்போட வேண்டும் என்று பழக்கியிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடை மீது பூவை வாரி இறைத்தார்கள். பேண்டு முழங்கியது. யாரோ கைதட்டினார்கள்.

“இவங்களுக்கு வேற இடம் ஒதுக்கலையா?” என்றார் கலெக்டர்.

“ஒதுக்கியாச்சுங்க சார்” என்றார் சேர்மன், கண்ணிமைக்காமல்.

“எங்கே?”

சேர்மனின் கை தானாக உயர்ந்து, கிழக்கே காலியாகத் தெரிந்த நிலத்தைக் காட்டியது. காட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அது அவருடைய சொந்த லேஅவுட்.

“இப்பவே அளந்து கல் நட்டுடுங்க” என்று கலெக்டர் தாசில்தாரிடம் சொன்னார்.

சேர்மன் தன் கழுத்தில் கிடந்த ரோஜா மாலையைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டே சின்னாயிக்குப் போட்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. சேர்மனுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று கூட்டம் நெகிழ்ந்தது.

லேஅவுட்டில் சங்கிலி போட்டு அளந்து, மூலைக்கு மூலை கல் நடும்வரை பாடை வேலமர நிழலில் காத்திருந்தது. தாசில்தாரின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

சின்னாயி வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ரோஜா மாலையை விலக்கிக்கொண்டு நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள்.

“நல்ல மேட்டு நெலந்தாண்டா தம்பி” என்றாள். “இன்னொரு பத்து வருசம் கழிச்சு வாரேன்.”