ஹாதியின் விடுதலை

ஹாதி சிரித்துக்கொண்டேதான் வந்தான் என்று நினைக்கிறேன். என் நினைவை இப்போதெல்லாம் நானே முழுதாக நம்புவதில்லை. புதுச் சட்டை போட்டிருந்ததும், காலில் விலங்கு இல்லாததும் மட்டும் நிச்சயம்.

தலைநகர் சனாவின் கோட்டை வாசலில் அவன் தகப்பனார் ஷேக் முக்பில் விடிந்ததிலிருந்து காத்திருந்தார். மலைத்தலைவர்கள் அரசருக்கு அடங்கியிருக்க, வீட்டுக்கு ஒரு பிள்ளை கோட்டையில் பிணையாக இருப்பது எங்கள் நாட்டு வழக்கம். ஹாதி உள்ளே போனபோது அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை.

அரசரோடு நட்பு ஒப்பந்தம் போட வந்த இத்தாலியத் தூதர் வழியில் காய்ச்சலில் விழுந்தார். ஷேக்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பதிலுக்கு அவர் கேட்டது, மகன் வெளியே வர வேண்டும் என்பது மட்டும். அதைத் தூதருக்கு மொழிபெயர்த்தவன் நான்.

"கோவேறு கழுதை மேல ஒழுங்கா உக்காரத் தெரியாது அந்த மனுஷனுக்கு," என்று என்னிடம் சிரித்தார் ஷேக். "ராஜா மனசுல எப்படித்தான் ஏறி உக்காந்தாரோ! இந்த வருஷம் திராட்சை பறிக்க என் பையன் இருப்பான்."

ஹாதிக்குப் பின்னாலேயே தூதர் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. ஷேக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்? சொல்லேம்பா."

"ராஜா ஹாதியை வெளிய விட்டுட்டார். விமானம் ஓட்டப் படிக்க இத்தாலிக்கு அனுப்புறார். இப்பவே துறைமுகத்துக்குக் கிளம்பணுமாம்."

"எப்ப வருவான்?"

கேட்டேன். தூதர் கையை விரித்தார்.

ஷேக், தான் கொண்டுவந்திருந்த உலர்ந்த திராட்சைப் பையை மகன் இடுப்பில் கட்டிவிட்டார்.

"போடா. அந்த இருட்டறையில இல்லாம எங்கயோ நல்லா இருந்தாப் போதும்."

"தம்பி நாஜிக்கு என்னை ஞாபகம் இருக்காப்பா?"

"உன் கத்தியைச் சொருகிட்டுத்தான் திரியறான் உன் தம்பி. கத்தி அவனை விட உசரம்."

ஹாதி போய்விட்டான். ஒப்பந்தம் முடிந்து தூதர் தன் நாட்டில் பெரிய பதவி வாங்கினார். ஹாதி திரும்பவே இல்லை.

அன்று, தெருமுனை வரை மகனைப் பார்த்து நின்றுவிட்டு ஷேக் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். வாசல் காவலன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"உங்க வீட்டு இடம் காலியா இருக்கே ஷேக், சின்னவனை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"