மூன்று முறை திறந்த சன்னல்

அந்தப் பழைய பிரெஞ்சுப் படத்தை உலகமே கலை என்று கொண்டாடினாலும், திரைப்படச் சங்கத் தலைவர் தெய்வநாயகம் ஒரே நிபந்தனையோடுதான் திரையிடச் சம்மதித்தார். குடும்பத்துப் பெண்கள் இருக்கும் அரங்கில் கட்டில் காட்சி தெரியக் கூடாது. அந்த இடம் வந்ததும் அவரே எழுந்து புரொஜெக்டருக்கு முன்னால் ஒரு காலண்டர் அட்டையைப் பிடித்தார். திரை இருண்டது. மூச்சொலி மட்டும் கேட்டது.

"தலைவரே, கை வலிக்கப் போவுது," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி குமுதவல்லி மெல்லச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. இப்ப படத்துல காத்துக்குச் சன்னல் திறந்துக்கும். அவன் எழுந்து போய்ச் சாத்துவான். பாவம், மூணு தடவை."

இருண்ட திரைக்குள் சன்னல் படீரென்று அடித்துக்கொண்டது.

கல்யாணத்துக்கு முன் அவள் சினிமாக் கொட்டகைப் பக்கமே போனதில்லை, தன்னோடு அல்லாமல் ஒரு படமும் பார்த்ததில்லை என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். யாரோடு பார்த்தாய் என்று இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது?

இரண்டாம் முறையும் சன்னல் அடித்தது. அவர் அட்டையை இறக்கினார். அரங்கமே திரையைப் பார்த்தது. அவர் மட்டும் அந்த வெளிச்சத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் முறை சன்னல் திறந்தபோது, திரையில் நாயகி செய்வதற்கு ஒரு கணம் முன்பே, குமுதவல்லி நெற்றியில் விழாத முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டாள்.