ஐந்தாம் எண்

ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு வந்து சேர்ந்தது. அங்கே வேலைகளைச் செய்துமுடிக்கும் ப்ராசஸரைக் கூப்பிட ஆளுக்கொரு எண் உண்டு; ஒரே எண் இரண்டு பேருக்கு இருந்தால் அது குழம்பிவிடும். புதியது ஐந்தில் கூப்பிட்டதும் கம்ப்யூட்டரே உறைந்து நின்றது.

"அது என் எண்," என்றது பக்கத்திலிருந்த சவுண்ட் கார்டு.

"எனக்கும் ஐந்து என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்."

"பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன், தெரியுமா?"

இரண்டும் சேர்ந்தே கூப்பிட, மறுபடியும் உறைந்தது. வீட்டுக்காரி பூரணி ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். "இன்னொரு தடவை நின்றால் புதுசைக் கழற்றிவிடுவேன்."

நெட்வொர்க் கார்டு சவுண்ட் கார்டின் பக்கம் திரும்பியது. "அண்ணே, பத்தாம் எண் காலியா?"

"காலிதான். அதை யாரும் சீந்துவதில்லை."

"பரவாயில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்."

கம்ப்யூட்டர் ஓடியது. வெளியிலிருந்து நெட்வொர்க் கார்டின் வயர் வழியாக முதலில் வந்தது ஒரு பாட்டு. ஆனால் அதற்குப் பாடக் குரல் கிடையாது.

"அண்ணே, இதை நீங்கள்தான் பாட வேண்டும்," என்று தயங்கியபடி நீட்டியது.

சவுண்ட் கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டது.